எல்லா ஃபில்டரையும் வாங்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதிதாக கேமரா வாங்கியவர்களுக்கென்று ஞாயிறு இணைப்பில் வந்த, லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் ஃபில்டர் கண்ணாடிகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சிதான், குறை சொல்ல மனமில்லை. ஆனால் அதில் பெட்டி கட்டிப் போட்டிருந்த ‘அவசியம் வாங்க வேண்டியவை’ பட்டியலை அப்படியே நம்பி ஒருவர் கடைக்குப் போனால், லென்ஸுக்குக் கொடுத்த பணத்துக்குக் கிட்டத்தட்ட இன்னொரு மடங்கைக் கண்ணாடி வில்லைகளுக்குக் கொடுத்துவிட்டு வருவார், வாங்கியதில் முக்கால்வாசி பையை விட்டு வெளியே வரவே வராது. நானே அப்படி வாங்கி வைத்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இப்போதெல்லாம் ஃபில்டர் வாங்குமுன் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இது செய்கிற வேலையைப் படம் எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் செய்துகொள்ள முடியுமா? முடியும் என்றால் வேண்டாம். உங்கள் பட்டியலில் இருந்த மஞ்சள், ஆரஞ்சு, நீலக் கண்ணாடிகள் எல்லாம் இதிலேயே அடிபட்டுப் போகின்றன. ஃபிலிம் காலத்தில் அவை தேவைப்பட்டன. பகல் வெளிச்சத்துக்கான ஃபிலிமைப் போட்டுக்கொண்டு குண்டு பல்பின் கீழ் எடுத்தால் படம் முழுக்க ஆரஞ்சாக விழும், அதைச் சரிக்கட்ட 80ஏ என்ற நீல ஃபில்டர் போட வேண்டும். இன்றைக்கு அது கேமராவில் நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸின் வேலை. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுத்திருந்தால் வீட்டுக்கு வந்துகூட மாற்றிக்கொள்ளலாம்.

கறுப்பு வெள்ளையும் அப்படித்தான். 1927இல் அமெரிக்காவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையை எடுக்கப் போன புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸிடம் படம் பதியும் கண்ணாடித் தகடுகள் இரண்டுதான் மிச்சமிருந்தன. ஒன்றை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்துவிட்டார். அப்புறம்தான் தான் நினைத்த இருட்டு வானம் இதில் வராது என்று தோன்றி, கடைசித் தகடை அடர் சிவப்பு ஃபில்டரில் எடுத்தார். புகழ்பெற்றது அந்த இரண்டாவது படம்தான். இன்று வண்ணத்தில் ஒரு படம் எடுத்துவிட்டு, கறுப்பு வெள்ளையாக்கும்போது நீலத்தை மட்டும் இறக்கினால் அதே மாதிரி வானம் கருத்துவிடும்.

அடுத்தது யு.வி., அதாவது புறஊதா ஃபில்டர். கட்டுரை இதைத்தான் முதல் இடத்தில் வைத்திருந்தது, எனக்குக் கோபம் வந்ததும் இங்கேதான். புறஊதாக் கதிர் ஃபிலிமில் பதியும், தூரத்து மலைகள் நீலம் பாரித்து மங்கலாக விழும், அதைத் தடுக்க வந்தது அது. டிஜிட்டல் கேமராவில் படம் பதியும் சென்சாருக்கு முன்னாலேயே புறஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் கண்ணாடி ஒன்று ஒட்டியிருக்கிறது, போதாததற்கு லென்ஸில் இருக்கும் கண்ணாடிகளே புறஊதாவில் பெரும்பகுதியைக் குடித்துவிடுகின்றன. ஆக, இப்போது யு.வி. ஃபில்டர் என்பது லென்ஸுக்குப் போடும் ஒரு மூடி, அவ்வளவுதான். மூடி வேண்டும் என்றால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் படம் தெளிவாகும் என்று எழுதாதீர்கள்.

தெளிவு கெடத்தான் செய்யும். எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், இரண்டு பக்கமும் சேர்த்தால் 8. ஒருமுறை ராத்திரியில் ஒரு பாலத்தை எடுத்தேன், விளக்கு வரிசை படத்தின் மேல் இடது பக்கம். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் கீழே வலது பக்கம் தண்ணீரின் மேல் பச்சைப் புள்ளிகளாக அதே வரிசை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. எத்தனை விளக்கோ அத்தனை புள்ளி. லென்ஸ் போய்விட்டது என்று முடிவே கட்டி, பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் எதுவும் பேசாமல் முன்னால் இருந்த மலிவு யு.வி. ஃபில்டரைச் சுழற்றிக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஒரு விளக்கைப் பார்த்து ஒரு படம் எடுத்துக் காட்டினார், புள்ளியைக் காணோம். சென்சாரில் பட்ட வெளிச்சம் லென்ஸ் வழியாகத் திரும்பி வந்து ஃபில்டரின் தட்டையான முதுகில் மோதி மறுபடி உள்ளே போயிருக்கிறது.

கடற்கரை உப்புச் சாரல், மணல் காற்று, சேறு தெறிக்கும் இடம் என்றால் நானும் போடுவேன், பலஅடுக்குப் பூச்சு உள்ளதாகப் பார்த்து. கேனானின் உயர்தர எல் வகை லென்ஸ்கள் சிலவற்றில் முன்னால் ஒரு ஃபில்டர் போட்டால்தான் தூசி, ஈரத்துக்கு எதிரான அடைப்பு முழுமையாகும் என்று அவர்களே கையேட்டில் சொல்கிறார்கள். மற்றபடி கீழே விழும் பயத்துக்கு லென்ஸின் முனையில் மாட்டும் லென்ஸ் ஹூட் என்ற வளையமே போதும். இடி வாங்கிக்கொள்வது அதுதான். மெல்லிய ஃபில்டர் உடைந்தால் அதன் சில்லே லென்ஸைக் கீறிவிடவும் கூடும்.

சரி, எதைத்தான் வாங்குவது என்றால், ஒன்று மட்டும் வாங்க முடியும் என்கிறவருக்கு, எதிரொளிப்பை வடிகட்டும் போலரைசர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கட்டுரையில் அதற்கு இரண்டே வரி, அதிலும் ‘வானத்தை நீலமாக்கும்’ என்று மட்டும். வானத்தை நீலமாக்குவதைக் கம்ப்யூட்டரிலும் செய்யலாம். செய்ய முடியாதது பளபளப்பை எடுப்பது. மழை விட்டதும் ஒரு செடியின் முன்னால் நின்று பாருங்கள், இலைகள் பச்சையாக இருக்காது, வானத்தின் வெள்ளையை வாங்கி ஒரு மெழுகுப் பூச்சு மாதிரி மினுங்கிக்கொண்டிருக்கும். போலரைசரை மாட்டி வளையத்தை மெதுவாகத் திருப்பினால் அந்த வெள்ளை இலை இலையாக விலகி, அடியில் இருந்த பச்சையும் நரம்பும் தெரிய வரும். ஆழமில்லாத தண்ணீரில் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிவதும் இப்படித்தான். பளபளப்பில் புதைந்த விவரம் படத்தில் பதியவே இல்லை, பதியாததை எந்த மென்பொருள் கொண்டு வரும்?

எல்லாக் கோணத்திலும் அது வேலை செய்யாது என்பதையும் எழுதியிருக்கலாம். தண்ணீர்ப் பரப்பிலிருந்து சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் எதிரொளிப்பு முழுசாக மறையும், நேர் மேலே நின்று பார்த்தால் ஒன்றும் ஆகாது. பூச்சில்லாத உலோகத்தின் மினுக்கத்திலும் பலிக்காது. வானத்தில் அது நன்றாகப் பலிப்பது சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளிய பகுதியில்தான். சுட்டுவிரலைச் சூரியன் பக்கம் நீட்டி, கட்டைவிரலைச் செங்குத்தாக வைத்து மணிக்கட்டைச் சுழற்றினால் கட்டைவிரல் காட்டுகிற பக்கமெல்லாம் நன்றாகக் கருக்கும். அகலக் கோண லென்ஸில் ஒரே படத்திற்குள் இந்தப் பகுதியும் வரும், இது இல்லாத பகுதியும் வரும், வானத்தின் நடுவில் மை கொட்டின மாதிரி ஒரு திட்டு விழும், அங்கே பாதி திருப்பினால் போதும். வானவில்லை எடுக்கும்போது கவனம், தப்பான பக்கம் திருப்பினால் வானவில்லே காணாமல் போய்விடும்! ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தையும் சாப்பிடும் என்பதால் உள்ளே போனதும் கழற்றிவிடுங்கள்.

அப்புறம், ‘வட்ட வடிவ போலரைசர் வாங்கவும்’ என்று போட்டிருந்தீர்கள். சர்குலர் என்பது கண்ணாடியின் வடிவம் இல்லை. லீனியர் போலரைசரும் வட்டமாகத்தான் இருக்கும். சர்குலரில் பின்பக்கம் கூடுதலாக ஒரு படலம் இருக்கிறது, உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த எஸ்.எல்.ஆர். கேமராவில் ஃபோகஸும் ஒளி அளவும் ஏமாறாமல் இருக்க அது வேண்டும். அந்தக் கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ்ஸில் பெரும்பாலும் இரண்டுமே ஓடும். கையில் கொடுத்தது நிஜப் போலரைசர்தானா என்று சந்தேகம் வந்தால், லென்ஸில் திருகாத பக்கம் ஒரு எல்.சி.டி. திரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு சுற்றுங்கள், ஓரிடத்தில் திரை இருண்டுபோக வேண்டும். வெறும் சாயக் கண்ணாடி என்றால் எப்படிச் சுற்றினாலும் அப்படியே இருக்கும்.

இரண்டாவதாக வாங்கலாம் என்றால் என்.டி. ஃபில்டர். வெளிச்சத்தை மட்டும் குறைக்கும், ஷட்டரை நீளமாகத் திறந்து வைக்க. இதில் ஆளைக் குழப்புவது பெயர்தான்: என்.டி.8 என்றாலும் 0.9 என்றாலும் 3 ஸ்டாப் என்றாலும் ஒன்றே, கம்பெனிக்குக் கம்பெனி ஒவ்வொன்றை அச்சடிக்கிறது. 1/60 நொடியில் எடுக்க வேண்டிய அருவிக்கு 3 ஸ்டாப் போட்டால் 1/8 நொடி, 6 ஸ்டாப் போட்டால் ஒரு நொடி, 10 ஸ்டாப் என்றால் 17 நொடி. பத்து ஸ்டாப் கண்ணாடியை மாட்டிய பிறகு கேமராவுக்குக் கண் தெரியாமல் போகலாம், அதனால் முக்காலியில் வைத்து முதலில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு மாட்டுங்கள். மாட்டுகிறபோது ஃபோகஸ் வளையத்தைத் தொட்டுவிடாதீர்கள், நான் ஒரு சாயங்காலம் முழுக்க எடுத்த படங்கள் அப்படித்தான் போயின. வளையத்தைத் திருப்பி இருட்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் என்.டி. வீடியோக்காரர்களுக்குச் சௌகரியம், ஆனால் அதற்குள் இருப்பது இரண்டு போலரைசர்கள், கடைசி வரை திருப்பினால் படத்தின் மேல் எக்ஸ் குறி மாதிரி இருட்டு விழும்.

அளவு விஷயத்திலும் ஒரு திருத்தம். லென்ஸில் 18-55 மி.மீ. என்று எழுதியிருப்பது குவிய தூரம், அதைப் பார்த்து 55 அளவு ஃபில்டர் வாங்கினால் பொருந்துமா என்பது அதிர்ஷ்டம். குறுக்குக் கோடு போட்ட வட்டத்துக்குப் பக்கத்தில் 52, 58, 67, 77 என்று ஏதாவது இருக்கும், அதுதான் மரை அளவு. பல லென்ஸ் வைத்திருப்பவர்கள் பெரிய அளவில் நல்லதாக ஒன்று வாங்கிவிட்டு மற்றவற்றுக்கு, சிறிய லென்ஸில் பெரிய ஃபில்டரைப் பொருத்தும் ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொள்ளலாம், என்ன, ஹூட் மாட்ட முடியாமல் போகும். இறுகிப்போன ஃபில்டரை விரலால் அழுத்திப் பிடித்துத் திருகாதீர்கள், வளையம் நசுங்கி இன்னும் இறுகும், சுற்றிலும் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு லேசாகப் பிடித்துத் திருப்பினால் கழன்றுவிடும்.

கடைசியில் எழுதுகிறேனே தவிர, முதலில் எழுதியிருக்க வேண்டியது இது. கிரகணத்தை ‘அடர் என்.டி. ஃபில்டர் போட்டுப் பார்த்து எடுக்கலாம்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. பத்து ஸ்டாப் ஃபில்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தை விடுகிறது, சூரியனுக்கென்று லென்ஸ் முன்னால் மாட்டும் ஃபில்டர் விடுவது ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. சாதாரண என்.டி. அகச்சிவப்பைத் தடுக்கும் என்றும் நிச்சயமில்லை. எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர் தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் டெலி லென்ஸில் அதைப் போட்டு வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் கண்ணே போய்விடும், கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு பார்த்தாலும் அதே ஆபத்துதான், அது வெறும் கண்ணால் பார்க்கச் செய்தது, லென்ஸ் குவித்த வெளிச்சத்தைத் தாங்காது. மற்றதெல்லாம் காசு நஷ்டம், போகட்டும். இந்த ஒரு வரிக்கு மட்டும் அடுத்த ஞாயிறே, அதே பக்கத்தில், கண்ணில் படும் அளவில் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்