போக்ரான் பேச்சை எப்படிப் படிப்பது

அன்புள்ள கதிரேசா,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. டாக்டர் சொல்லும்வரை அடுப்புப் பக்கம் விடாதே. இங்கே சின்னவனுக்குக் கோவையில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் போய்ச் சேருகிறான்.

அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை என்ற நம் கொள்கை பற்றிப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் போக்ரானில் பேசியதை வைத்து நம் பழைய வகுப்பு நண்பர்கள் போட்ட சண்டையை முழுசாகப் படித்தேன். ஒரு கட்சி 'கொள்கையையே கைவிட்டாச்சு' என்கிறது, இன்னொரு கட்சி 'வாய் தவறி வந்த வார்த்தை' என்கிறது. என் கணக்கில் இரண்டுமே நிற்காது.

2019 ஆகஸ்ட் 16 அன்று வாஜ்பாய் மறைந்து சரியாக ஓராண்டு. வாஜ்பாய் ஆட்சியில் 1998-ல் அணுகுண்டுச் சோதனை நடந்த போக்ரானுக்குப் போன ராஜ்நாத் சிங், அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை என்பதே இன்றுவரை நம் கொள்கை, வருங்காலத்தில் என்ன நடக்கும் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். அதே கருத்தை ட்விட்டரில் எழுதியும் வைத்தார். அந்த எழுத்தைத்தான் நம் நண்பர்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. மைக் முன்னால் வாய் தவறலாம், யோசித்து எழுதிப் போட்டதை அப்படிச் சொல்லித் தள்ள முடியாது. அவர் பேசிய தேதியையும் பார். காஷ்மீரின் சிறப்புத் தகுதியை நீக்கிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. அன்றைக்கே ஐ.நா. பாதுகாப்பு சபை மூடிய அறையில் காஷ்மீரைப் பற்றிப் பேசியது. எல்லைக்கு அப்பால் கேட்கட்டும் என்றே சொன்னதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர் 2016 நவம்பரில் பேசியதை இதோடு ஒப்பிடு. நம்மை நாமே ஏன் கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டும், பொறுப்புள்ள அணு ஆயுத நாடு என்று மட்டும் சொன்னால் போதாதா என்று கேட்டவர், இது என் சொந்தக் கருத்து என்றும் சேர்த்துக்கொண்டார். அமைச்சகமும் அதையே சொல்லி முடித்துவைத்தது. ராஜ்நாத் சிங் அந்த வேலியைப் போடவில்லை. அதனால் அவர் பேச்சுக்கு எடை கூடுதல். ஆனாலும் அது கொள்கை ஆகிவிடாது.

கொள்கை என்பது 2003 ஜனவரி 4 அன்று பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு வெளியிட்ட அறிக்கை. ஒரு பக்கச் சொச்சம்தான், எடுத்துப் படி. இந்திய மண் மீதோ, எங்கே இருந்தாலும் இந்தியப் படை மீதோ அணு ஆயுதத் தாக்குதல் நடந்தால் மட்டுமே பதிலடி, அந்தப் பதிலடி மிகப் பெரியதாக இருக்கும் என்கிறது. ஆனால் ரசாயன, உயிரியல் ஆயுதங்களால் பெருந்தாக்குதல் வந்தால் அணு ஆயுதத்தால் திருப்பி அடிக்கும் வாய்ப்பைக் கையில் வைத்துக்கொள்வோம் என்று ஒரு விலக்கும் அதிலேயே இருக்கிறது. 'துளி சமரசம் இல்லாத கொள்கை' என்று வாதாடுகிறவருக்கு அந்த வரியைக் காட்டு. ஆணையிடும் அதிகாரம் பிரதமர் தலைமையிலான அரசியல் குழுவுக்கு மட்டும்தான். பாதுகாப்பு அமைச்சர் தனியாளாக எதையும் மாற்ற முடியாது. இதற்கும் முந்தைய 1999 வரைவைத் தயாரித்த குழுவுக்குத் தலைவர் நம் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் என்பதையும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

அடுத்து, பேச்சுக்குப் பிறகு அரசு என்ன சொன்னது என்று பார்க்க வேண்டும். 2020 அக்டோபர் 2 அன்று ஐ.நா. கூட்டத்தில் அப்போதைய வெளியுறவுச் செயலர் ஷ்ரிங்லா, முதலில் பயன்படுத்துவதில்லை என்பதை மறுபடி உறுதிசெய்தார். 'கைவிட்டாச்சு' கட்சி இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் நெடுந்தூர ஏவுகணை அக்னி-5 ஏவுகுழாய்க்குள் அடைத்துத் தயாராக நிற்கிறதே என்று ஒருவர் எழுதியிருந்தார். அதனால் எதுவும் நிரூபணம் ஆகாது. குழாய்க்குள் வைத்தால் ஏவுவதற்கு ஆகும் நேரம் குறையும். முதலில் அடிக்க நினைப்பவனுக்கும் அது உதவும், அடி வாங்கிவிட்டு உடனே திருப்பி அடிக்க நினைப்பவனுக்கும் உதவும். முதலில் அடித்து எதிரியின் கையைக் கட்ட வேண்டுமானால் நகரும் ஏவுவண்டி ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும், குறி தப்பாத குண்டுகளும் ஏராளமாக வேண்டும். 2019 தொடக்கத்தில் ஆயுதக் கணக்கெடுக்கும் ஸ்வீடன் ஆய்வு நிறுவனமான சிப்ரியின் கணக்குப்படி நம்மிடம் 130 முதல் 140 அணுகுண்டுகள், பாகிஸ்தானிடம் 150 முதல் 160. இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அது ஆகிற காரியமா? அணு ஏவுகணை சுமக்கும் நம் அரிஹந்த் மாதிரி நீர்மூழ்கிகள் கடலுக்கடியில் தப்பிப் பிழைக்கும் என்றால் முதலில் அடிக்கும் அவசரமே குறையும். ஆனால் அதில் முதலில் வந்த கே-15 ஏவுகணையின் வீச்சு சுமார் 750 கிலோமீட்டர்தான், கரைக்குப் பக்கமாகப் போனால்தான் எட்டும். 3,500 கிலோமீட்டர் போகும் கே-4 வந்தால்தான் அந்த நம்பிக்கை முழுசாகும்.

இன்னொன்றையும் நண்பர்களிடம் கேள். அதே 2019 செப்டம்பர் 2 அன்று லாகூரில் அப்போதைய பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான், இரண்டுமே அணு ஆயுத நாடுகள், எங்கள் பக்கத்திலிருந்து ஒருபோதும் முதலில் தொடங்க மாட்டோம் என்கிற மாதிரி பேசினார். பாகிஸ்தானும் முதலில் பயன்படுத்தாது என்று செய்தி பறந்தது. அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம் உடனே, சூழலிலிருந்து பிரித்துப் படித்துவிட்டார்கள், கொள்கையில் மாற்றமில்லை என்றது. ராஜ்நாத் சிங்கின் ஒரு வாக்கியத்தால் இந்தியக் கொள்கை மாறிவிட்டது என்பவர், இம்ரானின் ஒரு வாக்கியத்தால் பாகிஸ்தான் கொள்கையும் மாறியது என்று ஒப்புக்கொள்வாரா?

ஆனால் 'சும்மா பேச்சு, விட்டுத்தள்ளு' என்கிறவரோடு நீ இன்னும் கடுமையாகவே மோதலாம். பாகிஸ்தான் ராணுவத் தலைமையகம் இருக்கும் ராவல்பிண்டியில் திட்டம் போடுகிற அதிகாரி மோசமானதை எதிர்பார்த்துத்தான் திட்டம் போடுவார். இந்தியா முதலில் அடிக்கலாம் என்று அவர் நம்பினால், நெருக்கடி வந்ததும் குண்டுகளைச் சீக்கிரமே கிடங்கிலிருந்து வெளியே எடுத்துப் பல இடங்களுக்குப் பிரித்து அனுப்பத் தோன்றும். பாகிஸ்தானின் நஸ்ர் மாதிரி 60, 70 கிலோமீட்டர் போகிற சிறு ஏவுகணைகள் களத்துக்கு வந்துவிட்டால், முடிவெடுக்கும் அதிகாரத்தையும் களத்தில் நிற்கும் தளபதிகளிடம் இறக்கச் சொல்லி அழுத்தம் எழும். அந்த நிலையில் ஒரு தப்பான தகவல் போதும். இதனால்தான் அமைச்சர் 'சூழ்நிலையைப் பொறுத்தது' என்ற அந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமலே இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உன் கருத்து வேறாக இருந்தால் எழுது.

அன்புடன்,
முருகேசன்