குழாயடியில் ஒரு பலகை வையுங்கள்

எங்கள் மலை நகராட்சியின் ஆணையர், பொறியாளர், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

மார்க்கெட் அருகே தேநீர்க் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை வந்தபோது வியாபாரிகள் பலர் முணுமுணுத்தார்கள். நான் முணுமுணுக்கவில்லை. காட்டெருமை இறங்கித் தண்ணீர் குடிக்கும் ஓடையில் பாட்டில்கள் மிதந்த கோலத்தைப் பார்த்தவர்கள் அந்தத் தடையைக் குறை சொல்ல மாட்டார்கள். பர்லியாரிலும் குஞ்சப்பனையிலும் வண்டிகளை நிறுத்திச் சோதிப்பது நியாயம்தான். ஆனால் பாட்டிலைக் கீழே பறிகொடுத்துவிட்டு வருகிற குடும்பம் என் கடையில் உட்கார்ந்ததும் கேட்பது, "இது குழாய்த் தண்ணீரா? குடிக்கலாமா?" என்றுதான். பஸ் நிலையத்தில் வைத்த தண்ணீர் ஏ.டி.எம். காசை வாங்கிக்கொண்டு மௌனம் சாதிக்கிறது. ஆகவே பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுகிறது. பாட்டிலைத் தடுத்தது மாவட்ட நிர்வாகம். குழாய் உங்கள் கையில் இருக்கிறது. அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

தண்ணீர் பிறக்கும் இடத்தைப் பற்றி எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. உதகைக்குப் பார்சன்ஸ்வேலி, மார்லிமந்து, டைகர்ஹில், குன்னூருக்கு ரேலியா அணை என்று நம் மலையில் குடிநீர் தருபவை காட்டையும் சோலையையும் ஒட்டிய நீர்த்தேக்கங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் குளித்துப் பழகிய சமவெளிக்காரர்கள், "இங்கே எவ்வளவு கழுவினாலும் சோப்பு வழுக்கல் போகவே இல்லையே" என்பார்கள். அவ்வளவு மென்மையான தண்ணீர். தேயிலைக்கு இதைவிட நல்லது அமையாது. சாயம் தெளிவாக இறங்கும், மேலே ஏடு படியாது. இந்தத் தண்ணீருக்கு, உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் மாட்டி, அதையே விளம்பரப் பலகையில் பெருமையாக எழுதிக்கொள்ளும் விடுதிக்காரர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019-இல் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. இல்லாத உப்பை நீக்க ஓர் இயந்திரம். அது சாக்கடையில் விடும் தண்ணீர் தனிக் கணக்கு.

கெடுவது வழியில்தான். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எப்போதாவது சில மணி நேரம் வருகிறது. வால்வை மூடியதும், குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் பள்ளத்துத் தெருவை நோக்கி வடியும். அந்த நேரத்தில் மேட்டுத் தெருவில் ஒரு குழாயைத் திறந்து காதை வைத்துக் கேளுங்கள்: உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுக்கும். உள்ளங்கையால் அடைத்தால் தோலைக் கவ்விப் பிடிக்கும். படிக்கட்டு ஓரமாக, பல இடங்களில் சாக்கடைக்குள்ளேயே, அந்தத் துருப்பிடித்த குழாய் இறங்கிப் போகிறது. காற்றை இழுக்கிற குழாய், விரிசல் இருக்கும் இடத்தில் சாக்கடையை மட்டும் விட்டுவைக்குமா? அடுத்த முறை தண்ணீர் திறக்கும்போது முதல் குடம் யார் வீட்டுக்குப் போகிறதோ அவர்கள் பாடு.

இதற்காகத்தான் கிருமியைக் கொல்லும் குளோரின் வேண்டும் என்பது உங்கள் பொறியாளருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மீதமிருக்க வேண்டும் என்கிறது குடிநீருக்கான இந்திய தரநிர்ணயம், ஐ.எஸ். 10500. நம் ஊரில் நடப்பது என்ன? ஒருநாள் பிளீச்சிங் பவுடர் நெடியில் போட்ட தேநீரைக் கீழே கொட்டுகிறேன். இன்னொரு நாள் நெடியே இல்லை. நெடி அடித்தால் வார்டு உறுப்பினருக்குப் போன் பறக்கிறது. அடிக்காவிட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. எனக்குப் பயம் நெடி இல்லாத நாளைப் பற்றித்தான். நெடியைப் போக்க வாயகன்ற பாத்திரத்தில் சில மணி நேரம் திறந்து வைத்தால் போதும். மழைக்காலம் இன்னும் மோசம். காய்கறித் தோட்டத்து மண் கரைந்து வந்து தண்ணீர் செங்கலங்கலாக இருக்கும்போது, போட்ட குளோரினில் பெரும்பங்கை அந்தச் சேறே தின்றுவிடும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் குளோரின் வேலை செய்யவும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

"காய்ச்சிக் குடியுங்கள்" என்று துண்டறிக்கை கொடுத்தீர்கள். நல்லது. ஆனால் அந்த அறிக்கை சென்னையில் அச்சடித்தது போலிருந்தது. உதகை உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 6,500 அடிக்கு மேல் உள்ள ஊர்களில் கொதி வந்த பிறகும் மூன்று நிமிடம் விட வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. குமிழ் வந்ததும் இறக்கிவிடும் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இதை யார் சொன்னார்கள்? சொன்னாலும், எரிவாயு சிலிண்டர் விலையில் எத்தனை குடம் காய்ச்ச முடியும்?

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. தண்ணீர் திறக்கும் நாளில் தெருக்கோடிக் குழாயில் பிடித்து, குளோரின் எவ்வளவு மீதமிருக்கிறது என்று சோதியுங்கள். சின்னக் குப்பியில் மருந்து விட்டு, மஞ்சள் நிறம் எந்த அளவுக்கு ஏறுகிறது என்று அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு இந்தப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கிராமத்தில் முடிவது நகராட்சியில் முடியாதா? வந்த அளவைத் தேதியோடு குழாயடியில் ஒரு பலகையில் எழுதுங்கள். குறைவாக இருந்தால் குறைவு என்றே எழுதுங்கள். அன்றைக்குக் காய்ச்சிக் கொள்கிறோம்.

எங்கள் மேல்நிலைத் தொட்டியில் "சுத்தம் செய்த நாள்", "அடுத்து சுத்தம் செய்யும் நாள்" என்று நீலப் பெயிண்டில் அழகாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நேரே கட்டம் காலியாக இருக்கிறது. அதையும் நிரப்பிவிடுங்கள்.

இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. 2019-இல் இந்திய தர நிர்ணய அமைவனம் பெருநகரங்களின் குழாய்த் தண்ணீரைச் சோதித்தபோது, மும்பையில் எடுத்த பத்து மாதிரிகளும் தேறின. 2021-இல் ஒடிசாவின் புரி நகரத்தில் நாள் முழுவதும் குழாயிலேயே வாய் வைத்துக் குடிக்கும் தண்ணீர் கொடுக்கத் தொடங்கினார்கள். புரி கடற்கரை ஊர். நாம் இருப்பது ஆறுகள் பிறக்கும் மலையில்.

பலகை வைக்க இடமில்லை என்று கோப்பு திரும்பி வந்தால், என் கடைச் சுவர் இருக்கிறது, தெருக்குழாய்க்கு நேர் எதிரே. காலை ஐந்தரைக்கே கடை திறந்துவிடுவேன். சோதிக்க வருகிற ஊழியருக்குத் தேநீர் என் செலவு.

இப்படிக்கு,
மார்க்கெட் சாலைத் தேநீர்க் கடைக்காரன்