பில் போட்டால் விற்பனை ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆலைகளின் நிதிநிலை முடிவுகள் வெளியாகும் நாட்களில் வணிகப் பக்கங்களில் ‘விற்பனை இத்தனை கோடி’ என்று ஒரே வரியில் செய்தி முடிந்துவிடுகிறது. அந்தத் தொகை எப்படி வந்தது என்பது ஆலைக்குள்ளேயே கணக்குப் பிரிவைத் தாண்டிப் பலருக்குத் தெரியாது. மார்ச் 31 இரவு பதினோரு மணிக்குப் போட்ட பில்லும் அந்த வருட விற்பனைதான் என்று மார்க்கெட்டிங் பிரிவு நினைக்கிறது. கடன் தரும் வங்கி மேலாளர்களில் பலரும் அப்படியே நினைக்கிறார்கள். அது சரியல்ல.

முக்கியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களும், பட்டியலிடாவிட்டாலும் 250 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிகர மதிப்புள்ள நிறுவனங்களும் 1.4.2018 முதல் இண்ட் ஏ.எஸ். 115 என்ற இந்தியக் கணக்கியல் தரநிலைப்படி வருவாயைக் கணக்கிட வேண்டும். சரக்கின் மீதான கட்டுப்பாடு வாங்குபவர் கைக்கு எப்போது போகிறதோ, அப்போதுதான் வருவாய். அதைத் தீர்மானிக்க ஐந்து அறிகுறிகளைப் பார்க்கச் சொல்கிறது: பணம் கேட்கும் உரிமை வந்துவிட்டதா, சட்டப்படி உரிமை மாறியதா, சரக்கு அவர் வசம் போனதா, சேதமானால் நஷ்டம் யாருக்கு, அவர் ஏற்றுக்கொண்டாரா. சின்ன ஆலைகளுக்குப் பழைய ஏ.எஸ். 9 தரநிலை தொடர்கிறது. அது கட்டுப்பாட்டுக்குப் பதில் சரக்கின் இடரும் பலனும் வாங்குபவருக்கு மாறுவதைப் பார்க்கிறது. வருடக் கடைசி லாரி விஷயத்தில் பெரும்பாலும் இரண்டும் ஒரே விடையைத்தான் தரும்.

அந்த லாரியையே எடுத்துக்கொள்வோம். கோவையில் உள்ள ஒரு பம்ப்செட் ஆலை கொல்கத்தா டீலருக்கு 200 பம்ப் அனுப்புகிறது. ஒன்று 10,000 ரூபாய், மொத்தம் வரி நீங்கலாக 20 லட்சம். அடக்கவிலை 15 லட்சம். லாரி மார்ச் 31 மாலை கிளம்புகிறது. போய்ச் சேர ஐந்தாறு நாளாகும். ஆர்டரில் ‘எக்ஸ் ஒர்க்ஸ்’ என்று இருந்து, லாரியும் இன்சூரன்சும் டீலர் பொறுப்பு என்றால், ஆலை வாசலிலேயே விற்பனை முடிந்தது. ‘எஃப்.ஓ.ஆர். டெஸ்டினேஷன்’ என்று இருந்தால் கொல்கத்தா குடோனில் இறக்கிக் கையெழுத்து வாங்கும் வரை சரக்கு ஆலையுடையது. விற்பனை ஏப்ரலில்தான் வரும். ஆக, ஆர்டரில் இருக்கும் இரண்டு சொல் 20 லட்சம் ரூபாயை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடும். அந்தச் சொற்களை வாசிக்காமலே கணக்கு முடிக்கும் ஆலைகள் ஏராளம்.

தள்ளும்போதுதான் அடுத்த தவறு நடக்கிறது. விற்பனையில் 20 லட்சத்தைக் குறைத்தால், வழியில் உள்ள சரக்கு என்று 15 லட்சத்தை ஸ்டாக்கில் சேர்க்க வேண்டும். லாபம் 5 லட்சம்தான் குறையும். சரக்கு ஆலையிலும் இல்லை, டீலரிடமும் இல்லை என்பதால் ஸ்டாக் எடுப்பவர் கண்ணில் படாது. சேர்க்க மறந்தால் லாபம் 20 லட்சம் குறைந்துவிடும். இதற்கு நேர்மாறானதும் உண்டு. பில் மார்ச்சில் போட்டாகிவிட்டது, லாரி கிடைக்கவில்லை, சரக்கு யார்டிலேயே நிற்கிறது. ஸ்டாக் எடுப்பவர் அதையும் எண்ணி எழுதிவிடுகிறார். விற்பனையிலும் 20 லட்சம், ஸ்டாக்கிலும் 15 லட்சம் என்றால், அந்த விற்பனையே நடக்கவில்லை என்பதால் இல்லாத லாபம் 20 லட்சம் ரூபாய்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மார்ச் கடைசி வாரப் பில்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கேட் ரிஜிஸ்டரில் வண்டி வெளியேறிய நேரம், எடை மேடைச் சீட்டு, லாரி ரசீது எண், இ-வே பில்லின் (சரக்கு கொண்டுசெல்லும் மின்னணுச் சீட்டு) பி பகுதியில் வண்டி எண் ஏற்றிய தேதி, டீலர் முத்திரை போட்ட சலான் ஆகியவற்றைப் பக்கத்தில் வைக்க வேண்டும். மார்ச் 31 பில்லுக்கு வண்டி எண் ஏப்ரல் 3 அன்று ஏறியிருந்தால் வேறு சாட்சி வேண்டாம். கூடவே ஏப்ரல் முதல் மூன்று வாரத்தில் திரும்பி வந்த சரக்கையும் கிரெடிட் நோட்டுகளையும் (பில் தொகையைக் குறைத்து விற்பவர் தரும் சீட்டு) பார்ப்பது நல்லது. வருட இலக்கை எட்டுவதற்காக டீலர் தலையில் கட்டிய சரக்கு அங்கேதான் வெளிப்படும். வருவாயில் மோசடி நடக்கும் ஆபத்து உண்டு என்று வைத்துக்கொண்டே தணிக்கையைத் தொடங்க வேண்டும் என எஸ்.ஏ. 240 தணிக்கைத் தரநிலை சொல்வதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

உடனே வரும் எதிர்க்கேள்வி: “ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் மார்ச் என்று காட்டியிருக்கிறோமே, கணக்கில் ஏப்ரல் என்றால் எப்படி?” இரண்டும் பொருந்த வேண்டிய அவசியமே இல்லை. சரக்கு ஆலையை விட்டுக் கிளம்பும் முன்போ கிளம்பும்போதோ பில் போட வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம், எனவே அந்த 20 லட்சம் மார்ச் மாத விற்பனை ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்.-1இல் வரும், வரியும் கட்ட வேண்டும். கணக்குப் புத்தகத்தில் அது வருவாயாக வராது. வித்தியாசத்தை, 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் கணக்கையும் ரிட்டர்னையும் ஒப்பிடும் 9சி படிவத்தில் காட்டி விளக்கினால் போதும். ரிட்டர்னோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகக் கணக்கை வளைப்பதுதான் தவறு.

சரக்கை வாங்குபவருக்காக ஆலையிலேயே வைத்திருக்கும் வழக்கமும் இருக்கிறது. அதை விற்பனையாகக் காட்ட நான்கு நிபந்தனைகள் உண்டு: வைத்திருக்கச் சொல்ல வாங்குபவருக்கு உண்மையான காரணம் இருக்க வேண்டும், சரக்கு அவர் பெயரில் தனியாகப் பிரித்து அடையாளமிடப்பட வேண்டும், எந்த நேரமும் அனுப்பத் தயாராக இருக்க வேண்டும், அதை வேறு யாருக்கும் திருப்பிவிட ஆலையால் முடியக் கூடாது. நடைமுறையில் நான்காவதுதான் இடிக்கும். அவசர ஆர்டர் வந்தால் அதிலிருந்தே எடுத்து அனுப்புவார்கள். அமெரிக்காவின் சன்பீம் நிறுவனம் 1997இல் கோடைக்கான கிரில் அடுப்புகளைப் பருவத்துக்கு முன்பே கடைகளுக்கு ‘விற்று’, சரக்கைக் குடோன்களிலேயே வைத்திருந்தது. 1998இல் கணக்கைத் திருத்தி எழுத நேர்ந்தது; 2001இல் திவால் மனு போட்டது.

அடுத்தது தொகை. பில்லில் உள்ள விலை அப்படியே வருவாய் ஆகாது. வருடத்துக்கு 500 பம்புக்கு மேல் எடுத்தால் எல்லாப் பம்புக்கும் 4 சதவீதம் தள்ளுபடி என்று டீலருக்கு ஸ்கீம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் வரை 300 எடுத்திருக்கிறார். போன வருடப் போக்கைப் பார்த்தால் 600 எட்டிவிடுவார். அப்படியானால் இப்போதே ஒன்றுக்கு 9,600 வீதம் 28.8 லட்சம்தான் வருவாய், மீதி 1.2 லட்சம் டீலருக்குத் தர வேண்டிய பொறுப்பு, அதாவது கடன். மார்ச்சில் கிரெடிட் நோட் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முதல் மூன்று காலாண்டும் ஊதிப்போய், கடைசிக் காலாண்டு சுருங்கும். இந்தத் தள்ளுபடியை விளம்பரச் செலவில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். லாபம் மாறாதுதான், ஆனால் விற்பனை பெரிதாகத் தெரியும்.

ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்பவர்களுக்கு இது இன்னும் சிக்கல். எஃகு விலை மாறும்போது முந்தைய மாதங்களுக்கும் சேர்த்து விலையைத் திருத்துவார்கள். ஏற்றம் என்றால், பின்னால் பெரிய அளவில் திருப்பி எழுத நேராது என்று மிக உறுதியாகத் தெரிந்த பிறகே வருவாயில் சேர்க்க வேண்டும். கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறோம் என்பது போதாது. இறக்கம் வரும் என்று தெரிந்தால், வாங்குபவரின் டெபிட் நோட் (தொகையைக் கழித்து அனுப்பும் சீட்டு) வரும் வரை காத்திருக்காமல் அப்போதே கழித்துவிட வேண்டும். வாகன ஆலைக்குப் பக்கத்துக் குடோனில் பாகங்களை அடுக்கி, அவர்கள் எடுத்த அளவுக்கு மட்டும் பணம் பெறும் ஏற்பாடானால், எடுக்கும் நாளில்தான் விற்பனை. குடோனில் கிடப்பது நம் ஸ்டாக்.

இயந்திரம் செய்பவர்கள் ஒரே ஆர்டரில் பல வேலைகளைச் சேர்த்து விற்பார்கள். இயந்திரம், நிறுவுதல், இரண்டு வருடப் பராமரிப்பு மூன்றும் சேர்த்து 42 லட்சம் என்று வைப்போம். தனித்தனியே விற்றால் 40, 2, 6 லட்சம், கூட்டினால் 48. விகிதப்படி பிரித்தால் 35 லட்சம், 1.75 லட்சம், 5.25 லட்சம். இயந்திரத்துக்கானது ஒப்படைத்ததும் வரும், நிறுவுதலுக்கானது அந்த வேலை நடக்க நடக்க. பராமரிப்புக்கானது 24 மாதத்தில் மாதம் 21,875 ரூபாயாக வரும். முன்பணம் வருவாய் அல்ல, பொறுப்பு. ஓட்டிப் பார்த்து வாங்குபவர் ஒப்புக்கொண்டால்தான் ஏற்பு என்று ஒப்பந்தம் சொல்லி, அந்தச் சோதனையில் தேறுமா என்பது முன்கூட்டியே உறுதியில்லை என்றால், அதுவரை இயந்திரத்துக்கான 35 லட்சமும் காத்திருக்க வேண்டும். வழக்கமான ஒரு வருட வாரண்டியைத் தனி விற்பனையாகப் பிரிக்கத் தேவையில்லை. எதிர்பார்க்கும் செலவுக்கு ஒதுக்கீடு வைத்தால் போதும். காசு வாங்கிக்கொண்டு நீட்டித்த வாரண்டியைப் பிரித்தே ஆக வேண்டும்.

ஜாப் ஒர்க் ஆலைகள் கூலியை மட்டுமே வருவாயாகக் காட்ட வேண்டும். சாயமேற்ற வந்த துணி வாடிக்கையாளருடையது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் கவனிக்க வேண்டியது வேறு. எஃப்.ஓ.பி. ஒப்பந்தத்தில் (கப்பலில் ஏற்றும் வரை மட்டும் விற்பவர் பொறுப்பு) சரக்கு கப்பலில் ஏறிய தேதிதான் கணக்கு. மார்ச் 27 அன்று போட்ட பில்லும் மார்ச் 30 சுங்க அனுமதியும் இருந்தாலும், தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏப்ரல் 2 அன்று ஏறினால் அது அடுத்த வருட வருவாய். டாலர் மதிப்பிலும் வழுக்கல் உண்டு. ஒரு லட்சம் டாலர் ஆர்டரில் 20,000 டாலர் முன்பணமாக 83 ரூபாய் வீதத்தில் வந்தது, கப்பல் ஏறும் நாளில் டாலர் 85 என்றால் வருவாய் 16.6 லட்சமும் 68 லட்சமும் சேர்ந்து 84.6 லட்சம். முழுவதையும் 85இல் போட்டு 85 லட்சம் காட்டினால், தீராத 40,000 ரூபாய் வாடிக்கையாளர் கணக்கில் தொங்கும். அதை அந்நியச் செலாவணி நஷ்டம் என்று எழுதித் தள்ளுவார்கள். அப்படி ஒரு நஷ்டமே ஏற்படவில்லை.

தங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். இண்ட் ஏ.எஸ். 115இல் 126ஏஏ என்றொரு பத்தி இருக்கிறது. சர்வதேசத் தரநிலையில் இல்லாத, இந்தியா சேர்த்த பத்தி. ஒப்பந்த விலை எவ்வளவு, அதில் தள்ளுபடி, ஊக்கத்தொகை, விலைச் சலுகை எனக் கழிந்தவை ஒவ்வொன்றும் எவ்வளவு, கடைசியில் வருவாயாக நின்றது எவ்வளவு என்று நிறுவனம் அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும். காலாண்டு முடிவில் இது வராது. ஆண்டறிக்கையில் வருவாய் குறித்த குறிப்பில் இருக்கும். ‘விற்பனை உயர்வு’ என்று எழுதும்போது அந்தக் கழிவுகளையும் இரண்டு வரி சேர்க்கலாம். செப்டம்பர், மார்ச் முடிவுகளோடு சொத்து, பொறுப்பு அறிக்கையும் வருவதால், வாடிக்கையாளர் பாக்கி எத்தனை நாள் விற்பனைக்குச் சமம் என்றும் போடலாம். விற்பனையை விடப் பாக்கி வேகமாக ஏறினால் மார்ச் கடைசி வார பில்களைப் பற்றிக் கேள்வி கேட்க இடமிருக்கிறது. கணக்கிடும்போது ஒன்றை மறக்கக் கூடாது: வருவாயில் ஜி.எஸ்.டி. கிடையாது, பாக்கியில் உண்டு. 18 சதவீத வரிப் பொருளானால் உள்நாட்டு விற்பனையின் 60 நாள் பாக்கி, வரியைக் கழிக்காமல் பார்த்தால் 71 நாளாகத் தெரியும்.

இப்படிக்கு,
தொழிற்சாலைக் கணக்குத் தணிக்கையில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்.