பிரைமரியா, செகண்டரியா? பணம் கட்டும் முன் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் உவரிக்காரன். அஞ்சலகத்தில் 36 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மகன் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங், அதாவது காற்று உருளையை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் முங்குவதை, சொல்லிக்கொடுக்கிறான். நம் கடற்கரையில் இருந்து இந்த வேலைக்குப் போகிற பிள்ளைகளின் பெற்றோருக்காக, டைவிங் காப்பீட்டில் இருக்கிற பிரைமரி, செகண்டரி என்ற இரண்டு வகையைப் பற்றி இதை எழுதுகிறேன்.

போன மே மாதம் 24 மீட்டர் ஆழத்தில் ஒரு மாணவர் பயந்துபோய் விறுவிறுவென்று மேலே கிளம்பிவிட்டார். அவரை விடாமல் பிடித்துக்கொண்டே என் மகனும் மேலே வந்திருக்கிறான். ஆழத்தில் சுவாசிக்கும்போது ரத்தத்தில் கரைகிற நைட்ரஜன், மெதுவாக ஏறினால் மூச்சோடு வெளியே போய்விடும். வேகமாக ஏறினால் உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடும். கரைக்கு வந்து ஒரு மணி நேரத்தில் அவனுக்குத் தோள் வலி. அப்புறம் இடது கை மரத்துப்போய், சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. ஆக்சிஜன் மாட்டி, கடலோரச் சாலை வழியாகவே காரில் சென்னைக்குக் கொண்டுபோனார்கள்.

இதற்கு மருந்து மாத்திரை போதாது. அழுத்த அறைக்குள் படுக்க வைத்து, 60 அடி ஆழத்தில் இருக்கிற அழுத்தத்தை ஏற்றி, ஆக்சிஜன் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். முதல் நாள் ஏறக்குறைய 5 மணி நேரம் உள்ளே இருந்தான். அந்த வட்டக் கண்ணாடி வழியாக அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே என் மனைவி நின்றாள். நான் பணம் கட்டுகிற இடத்தில் நின்றேன்.

அவனிடம் இரண்டு காப்பீடு இருந்தது. ஒன்று, நான் எடுத்துக் கொடுத்த சாதாரண மருத்துவக் காப்பீடு. இன்னொன்று, டைவிங் விபத்துக்கென்றே அவன் எடுத்தது. இரண்டு இருக்கிறதே என்று தைரியமாகப் போனேன். மருத்துவக் காப்பீட்டில் கேஷ்லெஸ் இல்லை, அதாவது கம்பெனி ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டாது என்று சாயங்காலமே சொல்லிவிட்டார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் 9ஆவது எண் இதுதான்: சாகச விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபட்டு அடிபட்டால் சிகிச்சைச் செலவு கிடையாது. ஸ்கூபா என்று பெயர் சொல்லியே போட்டிருக்கிறது. 'தொழில்முறையாக' என்ற அந்த ஒரு சொல்லில்தான் என் மகன் மாட்டிக்கொண்டான். சுற்றுலா போய் ஒரு தடவை முங்கிப் பார்க்கிறவரை அந்த விதி தடுக்காது.

சரி, டைவிங் காப்பீடு இருக்கிறதே என்று அவர்களைக் கூப்பிட்டால், அது செகண்டரி. அதாவது, வேறு காப்பீடு இருந்தால் முதலில் அங்கே கேட்க வேண்டும். அவர்கள் கொடுத்ததுபோக மீதியையோ, மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தைப் பார்த்துவிட்டோதான் இவர்கள் கொடுப்பார்கள். தர மாட்டோம் என்று வாயால் சொன்ன கம்பெனியிடம் இருந்து அதையே எழுத்தில் வாங்க எனக்கு 47 நாள் ஆனது. அதற்குள் மனைவியின் செயின் திசையன்விளையில் அடகுக்குப் போய்விட்டது. கடிதத்தை அனுப்பிய பிறகு டைவிங் கம்பெனி பணம் கொடுத்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் வட்டியை யார் கொடுப்பார்கள்?

பிரைமரி என்றால் வேறு காப்பீடு இருக்கிறதா என்று பார்க்காமல் அவர்களே முதலில் பொறுப்பேற்பார்கள். அன்றைக்கு அதற்குக் கூடுதலாகச் சுமார் 2,000 ரூபாய்தான் கேட்டிருக்கிறார்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று அவன் குறைந்ததை எடுத்திருக்கிறான். அஞ்சல் காப்பீட்டுப் பத்திரம் எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்தவன் நான். அவனுடையதை ஒரு தடவை வாங்கி வாசித்திருக்கலாம்.

செகண்டரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பொழுதுபோக்காக முங்குகிறவருக்கு வீட்டில் நல்ல மருத்துவக் காப்பீடு இருந்து, அதில் ஸ்கூபாவை விலக்காமல் இருந்தால் செகண்டரியே போதும். விட்டுப்போன செலவை அது பார்த்துக்கொள்ளும். சம்பளத்துக்கு முங்குகிறவர் பிரைமரிதான் எடுக்க வேண்டும். அதிலும், சொல்லிக்கொடுக்கிற வேலைக்குச் செல்லுமா, எத்தனை மீட்டர் வரை செல்லும், ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டுவார்களா என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்ன பதில் பின்னால் உதவாது.

காப்பீட்டுக் கம்பெனிகள் பிரைமரியா செகண்டரியா என்பதை முதல் பக்கத்திலேயே, தமிழிலும் அச்சிட வேண்டும். 14ஆம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை நான் பூதக்கண்ணாடி வைத்துத்தான் கண்டுபிடித்தேன். டைவிங் பள்ளிகளும் ஆளை வேலைக்குச் சேர்க்கிற அன்றைக்கே இதைச் சொல்ல வேண்டும்.

மகனுக்குக் கை சரியாகிவிட்டது. மருத்துவர் சம்மதித்ததால் அடுத்த மாதம் மறுபடி கடலுக்குப் போகிறான், இந்தத் தடவை பிரைமரியோடு. பக்கத்து ஊர்களில் இந்த வேலைக்குப் போகிற பிள்ளைகள் யாராவது இருந்தால் பத்திரத்தை எடுத்து வரட்டும், நான் வாசித்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தோணியார் கோயில் வாசலில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
உவரி, திருநெல்வேலி மாவட்டம்.