செயலாளர் ஆண்டறிக்கை: குற்றத் தரவும் நமது கோடிங் வகுப்பும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயற்குழுக் கூட்டங்கள் முறைப்படி நடந்தன. நடவடிக்கைக் குறிப்பேடு மேசைமேல் இருக்கிறது, யாரும் புரட்டிப் பார்க்கலாம். ஆகவே, ஆண்டு முழுக்க நம் நேரத்தை எடுத்துக்கொண்ட கோடிங் வகுப்புக்கு, அதாவது கணினி நிரல் எழுதக் கற்கும் வகுப்புக்கு, நேராக வந்துவிடுகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் திருட்டு கூடிவிட்டது என்று ஒரு தரப்பும், குறைந்துதான் இருக்கிறது என்று இன்னொரு தரப்பும் வாதாடியது நினைவிருக்கும். சரி, தரவை எடுத்து நாமே படிக்கக் கற்றுக்கொள்வோம் என்று தீர்மானம் போட்டோம். பயிற்சிக்கு இரண்டு தொகுப்புகளை எடுத்தோம். சிகாகோ நகரம் 2001 முதல் பதிவான குற்றங்களை வரி வரியாக வெளியிடுகிறது. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக் காவல்துறைகளின் தரவு மாதாமாதம் வருகிறது. இரண்டும் இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

எக்செல் போதாதா, எதற்குக் கோடிங் என்று கேட்டவர்களுக்குச் சிகாகோ கோப்பே பதில் சொல்லிவிட்டது. எக்செல் தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் இடமில்லை. அந்தக் கோப்போ 70 லட்சம் வரிகளைத் தாண்டியது. திறந்தால் கொள்ளும் அளவுக்கு மட்டும் ஏற்றிவிட்டு ஓர் எச்சரிக்கை காட்டும். அதை யார் படிக்கிறார்கள்? பெரும்பாலோர் பைத்தான் என்ற நிரல்மொழியும் அதில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் என்ற கருவித்தொகுப்பும் கற்றார்கள், சிலர் ஆர் (R) என்ற இன்னொரு நிரல்மொழியின் பக்கம் போனார்கள். எது உசத்தி என்ற சண்டையில் சில மாலைகள் வீணாயின. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எது தெரியுமோ அதைக் கற்பதே நல்லது என்பது என் கருத்து. சந்தேகம் வந்தால் உடனே கேட்கலாம் அல்லவா?

கோப்பைத் திறப்பது, வடிகட்டுவது, வகைவாரியாக எண்ணுவது எல்லாம் சீக்கிரமே கைவந்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் வேலையே. சிகாகோவில் தேதியை மாதம் முதலில் வைத்து எழுதுகிறார்கள். நாள்தான் முதலில் இருக்கிறது என்று நினைத்துப் படித்தால் 12 வரையுள்ள தேதிகள் சத்தமில்லாமல் மாதம் மாறிவிடும். மே 1 ஜனவரி 5 ஆகிவிடும். மணிவாரியாக வரைபடம் போட்டபோது நள்ளிரவு 12 மணியில் பெரிய மேடு ஒன்று எழுந்து நின்றது. திருடர்களும் கடிகாரம் பார்த்துத்தான் வருகிறார்களா என்று கேட்டார் ஓர் உறுப்பினர். விஷயம் வேறு: நேரம் சரியாகத் தெரியாத புகார்களுக்கு 12 மணி என்று போட்டுவிடும் வழக்கம் பதிவுகளில் உண்டு. மாதத்தின் முதல் தேதியிலும் இதே கதைதான்.

இந்த ஆண்டின் நல்ல பாடம் இங்கிலாந்துத் தரவிலிருந்து கிடைத்தது. அதில் ஒவ்வொரு குற்றத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு. ஒரே வரி இரண்டு முறை வந்திருந்தால் நீக்கிவிடலாம் என்று, எண்ணை வைத்து இரட்டைப் பதிவுகளைக் களையும் ஒற்றை வரி நிரலை நம் இளைஞர் ஒருவர் எழுதினார். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் பொது இடங்களில் தொல்லை தரும் நடத்தை என்ற வகை, மொத்தத்தில் கணிசமான பங்கு வகிப்பது, ஏறக்குறைய மாயமாகிவிட்டது. அந்த வகைக்கு அவர்கள் அடையாள எண்ணே தருவதில்லை. காலியான கட்டங்கள் எல்லாவற்றையும் பாண்டாஸ் ஒரே மதிப்பாக எடுத்துக்கொண்டு, ஒன்றை வைத்துவிட்டு மற்றவற்றைத் தூக்கி எறிந்துவிட்டது. நிரலுக்கு முன்னும் பின்னும் வகைவாரி எண்ணிக்கையை அச்சிட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்ததால் அன்றே பிடிபட்டது. இப்போது நாங்கள் நிரல் எழுதும் எல்லா நோட்புக் கோப்பிலும் அப்படி அச்சிடும் வரி கட்டாயம்.

வரைபடத்தில் புள்ளி விழும் இடமும் குற்றம் நடந்த இடம் அல்ல. பாதிக்கப்பட்டவரின் வீடு தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக, முன்பே குறித்து வைத்த புள்ளிகளில் அருகிலுள்ள ஒன்றுக்கு நகர்த்திவிடுகிறார்கள். வீடுகளுள்ள பகுதியில் அப்படி ஒரு புள்ளியின் எல்லைக்குள் குறைந்தது எட்டு முகவரிகளாவது இருக்கும். சிகாகோவிலும் முழு முகவரி தருவதில்லை, தெருத்தொகுதி வரைதான். இது தெரியாமல் எந்தத் தெருமுனை ஆபத்து என்று பேசுவது வெட்டிப்பேச்சு.

ஆபத்தான பகுதிகளின் தரவரிசையை நம் சங்கத்தின் பெயரில் வெளியிட வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினார்கள். செயற்குழு மறுத்துவிட்டது, அதை நான் முழு மனதோடு ஆதரித்தேன். குற்ற எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்துப் போட்ட மாதிரிப் பட்டியலில், லண்டன் நடுவே அலுவலகங்கள் நிறைந்த சிறு பகுதியான சிட்டி ஆஃப் லண்டன் உச்சிக்குப் போய் நின்றது. 2021 கணக்கெடுப்பின்படி அங்கே குடியிருப்பவர்கள் சுமார் 8,600 பேர்; வேலைக்கு வந்து போகிறவர்களோ 5 லட்சத்துக்கும் மேல். யாருடைய எண்ணிக்கையால் வகுக்கிறோம் என்பதை முடிவு செய்யாமல் தரவரிசை போட்டால், ஒரு பகுதியின் பெயரைக் கெடுத்துவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுவோம். இந்த முடிவில் வருத்தப்பட்டவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். விவாத நேரத்தில் தாராளமாகப் பேசலாம்.

வரும் ஆண்டில் இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணைகளை எடுக்க உத்தேசம். அங்கே தனித்தனிச் சம்பவங்கள் கிடையாது, தொகுத்த எண்களே. ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் கடுமையானதை மட்டும் எண்ணும் விதியும் உண்டு. குற்றம் கூடுவதும் குற்றப்பதிவு கூடுவதும் வேறு வேறு என்று அந்த அறிக்கையே எச்சரிக்கிறது. சென்ற பொதுக்குழுவில் மோதிய இரு தரப்பும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்து உட்கார்ந்து படித்தால் நன்றாயிருக்கும்.

வகுப்பெடுத்த இளைஞர்களுக்கும், இடம் கொடுத்தவர்களுக்கும், பழைய லேப்டாப்புகளைத் தந்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி. அடுத்த வகுப்பில் சேர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் இணைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். லேப்டாப் இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.