பெத் ஆல்பாவின் தரை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது? பணம் அனுப்பிவிட்டேன், தம்பியின் ஃபீஸ் போக மீதியை மருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இஸ்ரேலில், கில்போவா மலையடிவாரத்தில் வெயில் கொளுத்துகிறது. நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார். வெள்ளி சாயங்காலம் முதல் சனி இருட்டும்வரை பஸ் ஓடாததால், என் லீவு நாளில் பக்கத்திலேயே எங்காவது நடந்து போய்விட்டு வருவேன்.

அப்படித்தான் பெத் ஆல்பாவில் யூதர்களின் பழைய ஜெப ஆலயத்தைப் பார்த்தேன். மொசைக் தரை போட்டே எங்களை வளர்த்தவர் நீங்கள். இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

1928 கடைசியில் இங்குள்ள கிபுட்ஸ்காரர்கள், அதாவது கூட்டுப் பண்ணைக்காரர்கள், தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டியபோது மண்ணுக்கடியில் வண்ணக்கற்கள் தெரிந்தன. மறு வருடம் எலியாசர் சுகேனிக் என்ற தொல்லியலாளர் தோண்டினார். கட்டடம் இடிந்து தரைமேல் விழுந்து மூடியதால், கீழே இருந்த படங்கள் பிழைத்துக்கொண்டன. ஆறாம் நூற்றாண்டுத் தரை அப்பா!

நீங்கள் மார்பிள் சில்லைச் சிமெண்டில் கலந்து போட்டு, காய்ந்ததும் மெஷின் வைத்துத் தேய்ப்பீர்கள். இங்கே அப்படியில்லை. கல்லைச் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைத்து, ஈரச் சாந்தில் ஒவ்வொன்றாகக் கையால் பதித்திருக்கிறார்கள்.

வாசல் பக்கம், பைபிளில் வரும் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் காட்சி. ஒரு கையில் கத்தி, மறு கையில் பிள்ளை, பக்கத்தில் எரியும் பலிபீடம். மேலே மேகத்திலிருந்து ஒரு கை மட்டும் நீள்கிறது. அது கடவுளுடைய கை. ஆட்டுக்கடா மரத்தில் கட்டப்பட்டு நெட்டுக்குத்தாக நிற்கிறது. உருவங்களில் அளவும் இல்லை, நளினமும் இல்லை. ஆனால் அந்தப் பெரிய கண்களைப் பார்த்தால் மனது அங்கேயே நின்றுவிடுகிறது. ஜிப்போரி என்ற இன்னொரு பழைய ஊரின் ஜெப ஆலயத்தில் இதைவிடத் தேர்ந்த வேலைப்பாடு உண்டு. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

நடுவில் என்ன தெரியுமா? ராசிச் சக்கரம்! நம்மூர் காலண்டரில் வரும் அதே மேஷம், ரிஷபம், மிதுனம் என்று பன்னிரண்டும், மையத்தில் நான்கு குதிரைத் தேரில் சூரியன். விக்கிரகம் கூடாது என்ற கட்டளையைப் பெற்றவர்கள் தொழுகைக்கூடத்தில் இதை எப்படி வைத்தார்கள் என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். கடவுள் வகுத்த காலத்தின் ஓட்டத்தைக் காட்டுவது என்பது ஒரு விளக்கம். விதைப்பும் அறுப்புமாக வாழ்ந்த ஊருக்கு அது பொருந்துகிறது என்றுதான் எனக்கும் படுகிறது. மூலைகளில் நான்கு பருவங்களும் பெண் உருவங்களாக இருக்கின்றன. ஆனால் எந்தப் பருவமும் தனக்குரிய ராசிக்குப் பக்கத்தில் இல்லை. ஜிப்போரியில் இதே தேரில் மனித உருவத்துக்குப் பதிலாகச் சூரிய வட்டத்தை வைத்திருக்கிறார்கள்.

வாசலில் சிங்கத்துக்கும் மாட்டுக்கும் நடுவே இரண்டு கல்வெட்டுகள். ஒன்று அராமிக் என்ற பழைய மொழியில். சிதைந்துபோன அந்த எழுத்தில், பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டின் காலத்தில் ஊரார் கொடுத்ததைக்கொண்டு போட்ட தரை என்று இருக்கிறது. மற்றதில், கிரேக்க மொழியில், இந்த வேலையைச் செய்த மரியானோஸும் அவர் மகன் ஹனினாவும் நினைக்கப்படட்டும் என்று எழுதியிருக்கிறது. நீங்களும் தம்பியும் முட்டி போட்டுத் தரை வேலை பார்த்தது ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். நீங்கள் போட்ட எத்தனையோ வீட்டுத் தரைகளில் ஒன்றிலாவது உங்கள் பெயர் இருந்திருக்க வேண்டும் அப்பா.

அடுத்து திபேரியா பக்கம் ஹம்மாத் போகப் பார்க்கிறேன். அங்கே இதற்கும் முந்தைய, நான்காம் நூற்றாண்டு ராசிச் சக்கரம் இருக்கிறது. பிறகு வந்தவர்கள் அதன்மேலேயே குறுக்கே சுவர் எழுப்பிவிட்டார்கள். போட்டோக்களைத் தம்பி போனுக்கு அனுப்புகிறேன். பெரிதாக்கிப் பாருங்கள். வளைவுகளில் கல்லை எப்படித் திருப்பி வைத்திருப்பார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும், எழுதுங்கள்.

அன்பு மகள்