2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: தடாகமில்லாத ஊரில் வாட்டர் போலோ

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, உப தலைவர், பொருளாளர், நிர்வாக சபை உறுப்பினர்களே, தோட்டங்களிலிருந்தும் நகரத்திலிருந்தும் மழையையும் பாராமல் வந்திருக்கும் அங்கத்தவர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியிலும் அதையொட்டிய மண்சரிவுகளிலும் மலையகம் எங்கும் உயிரிழந்தோருக்காக ஒரு நிமிடம் மௌனமாக இருந்துவிட்டுத்தான் கூட்டத்தைத் தொடங்கினோம். அந்த நாட்களில் வாசிகசாலை மண்டபம் அரிசி மூட்டைகளும் பால்மாவும் பாய்களும் அடுக்கும் களஞ்சியமாக இருந்தது. நம் கரப்பந்தாட்ட அணிப் பையன்கள் பாதை துண்டிக்கப்பட்ட தோட்டங்களுக்குத் தலைச்சுமையாகப் பொருட்களைக் கொண்டுபோனார்கள். அதை மன்றத்தின் சாதனையாக எழுதிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அவர்கள் போனது தங்கள் சொந்தங்கள் வாழும் லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு. டிசம்பர் மாதத்திற்குத் திட்டமிட்டிருந்த எந்த நிகழ்ச்சியும் நடக்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

நிர்வாக சபை வழமைபோலக் கூடியது. கூட்டக் குறிப்புகள் மேசையில் இருக்கின்றன, விரும்பியவர்கள் பார்க்கலாம். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சந்தா நிலுவை பற்றி நான் வாய் திறந்தால் கூட்டம் பாதியாகிவிடும் என்பதால் அதையும் அவரிடமே விடுகிறேன். கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நல்லபடியாக நடந்தது. கிரிக்கெட் போட்டி மழையால் இருமுறை தள்ளிப்போய், கடைசியில் நடக்கவே இல்லை. சதுரங்கப் பலகைகள் இரண்டில் குதிரைகளைக் காணவில்லை. எடுத்தவர்கள் திருப்பித் தந்தால் பெயர் கேட்க மாட்டோம்.

இனி, இந்த ஆண்டு மன்றத்தில் அதிகம் பேசப்பட்ட, அதிகம் சண்டை போடப்பட்ட விடயத்துக்கு வருகிறேன். ‘கொட்டகலையில் இருந்துகொண்டு வாட்டர் போலோவா, பைத்தியமா உங்களுக்கு’ என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். வாட்டர் போலோ என்பது ஆழமான தடாகத்தில் நீந்திக்கொண்டே எதிரணியின் கோலுக்குள் பந்தை எறியும் விளையாட்டு. கண்டியில் படித்தபோது இதைப் பழகிய நம் தம்பி ஒருவர் மார்ச் மாதக் கூட்டத்தில் இதை முன்வைத்தார். ஜூலையில் சிங்கப்பூரில் உலக நீர் விளையாட்டுச் சம்பியன்ஷிப் நடக்கிறது, தென்கிழக்காசியாவில் இதுவே முதன்முறை, நமக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம், ஐரோப்பாவில் நடப்பதைப்போல நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டியதில்லை, மண்டபத்தில் திரை கட்டிப் பார்ப்போம் என்றார். சபை ஏற்றுக்கொண்டது. புரொஜெக்டர் இரவல் தந்த ஆசிரியருக்கு நன்றி.

ஆண்கள் பிரிவில் 16 நாடுகள் ஆடின. ஆசியாவிலிருந்து ஜப்பான், சீனா, போட்டியை நடத்திய சிங்கப்பூர் ஆகிய மூன்று. தென்கிழக்காசிய விளையாட்டு விழாவில் 1965 முதல் 2017 வரை ஆண்கள் தங்கத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காத நாடு சிங்கப்பூர். 2019 இல்தான் அந்தத் தொடர் அறுந்தது. அப்படிப்பட்ட அணியும் இந்தப் போட்டியில் மற்ற நாட்டு அணிகளுக்கு முன்னால் திணறியதைப் பார்த்தபோதுதான் இந்த விளையாட்டின் உயரம் நம் பிள்ளைகளுக்குப் புரிந்தது. 1951 இல் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியா இதில் தங்கம் வென்றது என்று நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை. நம்பாதவர்கள் தேடிப் பார்த்துவிட்டு வந்து ஒப்புக்கொண்டார்கள்.

இறுதிப் போட்டி ஜூலை 24, வியாழக்கிழமை. அன்று ஆடி அமாவாசை. அப்பாவுக்கு விரதம் இருந்து முடித்தவர்களும் கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்தவர்களுமாக மண்டபம் நிறைந்தது. ஸ்பெயினும் ஹங்கேரியும் மோதின. ஸ்பெயின் 15 - 13 என்று வென்றது. முந்தைய மூன்று உலகச் சம்பியன்ஷிப் இறுதிப் போட்டிகளும் (2022, 2023, 2024) சமநிலையில் முடிந்து பெனால்டி எறிதல் வரை போனவை. இம்முறை அந்தப் பதைப்பு இல்லாமலே முடிந்தது. இதனால் ஓர் அழகான கணக்கு உருவாகியிருக்கிறது. 1973 இல் பெல்கிரேட்டில் இந்தச் சம்பியன்ஷிப் தொடங்கியதிலிருந்து இத்தாலி நான்கு முறை வென்றிருக்கிறது, ஹங்கேரி நான்கு, இப்போது ஸ்பெயினும் நான்கு. ஒலிம்பிக்கில் கதை வேறு. ஹங்கேரிக்கு ஒன்பது தங்கம். ஆனால் கடைசி மூன்று ஒலிம்பிக்குகளையும் சேர்பியா தட்டிக்கொண்டு போய்விட்டது. பாரிஸ் 2024 இறுதியில் குரோஷியாவை 13 - 11 என்று தோற்கடித்தது.

அன்று முன் வரிசையில் இருந்த ஓர் அம்மா, முப்பது வருடம் மலையேறிக் கொழுந்து பறித்தவர், ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, இவங்க இவ்வளவு நேரமா எதுமேல நிக்கிறாங்க?” என்று கேட்டார். எதன்மேலும் நிற்கவில்லை என்றேன். “பொய் சொல்லாதீங்க” என்றார். தண்ணீருக்கு அடியில் படமெடுத்த காட்சி திரையில் வந்தபோதுதான் அடங்கினார். இரண்டு கால்களும் மாறி மாறி, ஒன்று வலமாகவும் ஒன்று இடமாகவும் வட்டம் போட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்த வட்டம் நின்றால் ஆள் கீழே போய்விடுவார். அந்த உதையின் பலத்தில்தான் எறிகிற வீரர் இடுப்பளவு நீருக்கு மேலே எழும்புகிறார். 8 நிமிடம் வீதம் நான்கு கால்பகுதி. தரையில் கால் ஊன்றுவதற்கு அனுமதி கிடையாது. கோல் காப்பாளரைத் தவிர வேறு எவரும் பந்தை இரு கையாலும் பிடிக்கக் கூடாது. இதற்கு நடுவில் எதிராளி நீருக்கடியில் என்னென்ன செய்கிறார் என்பது மத்தியஸ்தருக்குத் தெரியாது. தெரிந்ததற்கு மட்டும் விசில் ஊதுகிறார். 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் ஹங்கேரி வீரர் எர்வின் சாடோர் சோவியத் அணியுடனான ஆட்டத்தில் கண்ணுக்கருகே இரத்தம் ஒழுக வெளியே வந்த கதையைச் சொன்னதும் பையன்களின் ஆர்வம் இரட்டிப்பாகியது. அந்தக் கதையை நான் சொல்லியிருக்கத் தேவையில்லை என்று சில தாய்மார் அபிப்பிராயப்பட்டார்கள்.

‘இதெல்லாம் பெரிய நாடுகளின் விளையாட்டு’ என்ற பேச்சுக்கு நிர்வாக சபையில் நான் சொன்ன பதிலை இங்கும் சொல்கிறேன். மொண்டெனேகுரோ என்று ஒரு நாடு இருக்கிறது. மொத்த சனத்தொகை 6 லட்சத்துச் சொச்சம். நமது நுவரெலியா மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பிலேயே 7 லட்சத்துக்கு மேல். அந்த நாடு 2008 இல் ஐரோப்பியச் சம்பியன். 2013 உலகச் சம்பியன்ஷிப்பில் இறுதிப் போட்டி வரை வந்து ஹங்கேரியிடம் ஒரே கோலால் தோற்றது. 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் நான்காம் இடம். ஆள் எண்ணிக்கை அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை. அவர்களிடம் கடற்கரை இருக்கிறது, அதைவிட முக்கியமாக ஊருக்கு ஊர் கழகம் இருக்கிறது, சிறு வயதிலேயே பிள்ளையைத் தண்ணீரில் இறக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. நம்மிடம் தண்ணீருக்குக் குறைவா? காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை நீர்த்தேக்கங்கள் என்று பார்க்கும் இடமெல்லாம் தண்ணீர். ஆனால் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு நீந்தத் தெரியாது.

பயிற்சி பற்றி. ஆகஸ்ட் விடுமுறையில் ஹோட்டல் ஒன்று தன் தடாகத்தைக் காலை வேளையில் தந்தது. பெருந்தன்மைக்கு நன்றி. ஆனால் அதன் ஆழமான பக்கத்திலேயே தண்ணீர் பெரியவர்களுக்கு நெஞ்சளவுதான். விதிப்படி குறைந்தது 1.8 மீட்டர் ஆழம் வேண்டும். கால் எட்டுகிற இடத்தில் வாட்டர் போலோ ஆடினால் எல்லாரும் நின்றுகொண்டு எறிவார்கள். நம்மவர்களும் அதைத்தான் செய்தார்கள். மூன்றாம் நாளே, கண்டியில் பழகிய அந்தத் தம்பி எல்லாரையும் முழங்காலை மடக்கச் சொன்னார், மடக்காதவர்களை வெளியே உட்கார வைத்தார். முதலில் கரப்பந்தை வைத்துத்தான் பழகினோம். அது 260 - 280 கிராம். பிறகு கண்டியிலிருந்து இரவலாக உண்மையான பந்து ஒன்று வந்தது: மஞ்சள் நிறம், சொரசொரப்பான ரப்பர் தோல், 400 கிராமுக்கு மேல். கரப்பந்தில் அசகாய சூரர்களாக இருந்தவர்கள் அதை ஒரு கையில் எடுத்தபோது மணிக்கட்டு மடங்கிப் பந்து வழுக்கித் தங்கள் மூக்கிலேயே விழுந்தது. காதுக்குப் பிளாஸ்டிக் கிண்ணம் வைத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததிலேயே அந்தக் காலை பாதி போய்விட்டது. கண்டியில் ஆழமான தடாகத்தில் ஆட ஒருநாள் ஒழுங்கு செய்தோம். கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகப் பேருந்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் போய், ஒரு மணி நேரம் தண்ணீரில் இருந்துவிட்டுத் திரும்பினோம். அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு கால்பகுதிகூட யாரும் தாக்குப்பிடிக்கவில்லை. ஒரேயொரு தங்கச்சி மட்டும், ஓட்டப் போட்டிகளில் பாடசாலைக்குப் பரிசு வாங்கித் தந்தவர், கடைசி வரை கம்பியைப் பிடிக்கவே இல்லை. பெண்களுக்கும் அணி வேண்டும் என்று அவர் அன்றே கேட்டுவிட்டார். 2000 சிட்னி முதல் ஒலிம்பிக்கில் பெண்களும் ஆடுகிறார்கள். இங்கே மறுக்க நமக்கு எந்த நியாயமும் இல்லை.

இப்போது சர்ச்சைக்கு வருகிறேன். செப்டெம்பர் கூட்டத்தில் ஒரு பகுதியினர் நீர்த்தேக்கத்தில் மிதவை கட்டி, இரண்டு கோல் கம்பம் நிறுத்தி ஆடலாம் என்றார்கள். இந்த விளையாட்டே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியாவின் ஆறுகளிலும் ஏரிகளிலும்தான் தொடங்கியது, நாம் மட்டும் ஏன் தடாகத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் எதிர்த்தேன், இப்போதும் எதிர்க்கிறேன். நீர்த்தேக்கம் மின்சாரத்துக்காகக் கட்டியது. நீர்மட்டம் நம்மைக் கேட்டு ஏறி இறங்குவதில்லை. மவுசாகலையில் தண்ணீர் வற்றும்போது, அதில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரின் கோயில் வெளியே தெரிவதை எல்லாரும் போய்ப் பார்த்துப் படம் எடுத்திருக்கிறீர்கள். அந்தச் சுவர்களும் மரக்கட்டைகளும் சேறும் நீர் நிறைந்திருக்கும் காலத்திலும் அடியில் அங்கேயேதான் இருக்கின்றன. குளிரை நான் சொல்லத் தேவையில்லை. பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் ஒருவர்கூட நம்மிடம் இல்லை. ஒவ்வொரு வருடமும் நீர்த்தேக்கத்துக்குக் குளிக்கப் போன பிள்ளைகளின் மரண வீட்டுக்குப் போய் வருகிறவர்கள் நாம். இன்னொரு வீட்டுக்கு மன்றத்தின் பெயரால் போக நான் தயாரில்லை என்று சொன்னேன். வாக்கெடுப்பில் என் பக்கம் வென்றது, ஆனால் சொற்ப வித்தியாசத்தில். எதிர்த்து வாக்களித்த சகோதரர்கள் கோபத்தில் இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை. டித்வா நேரத்தில் மூட்டை தூக்க முதலில் வந்தவர்களும் அவர்களே.

ஆகவே வரும் ஆண்டுக்கான என் பிரேரணை இது. கோல் கம்பமும் தொப்பியும் வாங்க ஒதுக்கிய தொகையை அப்படியே நீச்சல் வகுப்புக்கு மாற்ற வேண்டும். ஹோட்டல் தடாகம் வாட்டர் போலோவுக்கு ஆழம் போதாது. நீச்சல் தெரியாத பிள்ளைக்கு அது மெத்தப் பொருத்தம். பத்து வயதுக்கு மேற்பட்ட தோட்டப் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் இருபாலாருக்கும், முதலில் மிதக்கவும் பிறகு கால் உதைத்து ஒரே இடத்தில் நிற்கவும் கற்றுக்கொடுப்போம். அதைக் கற்றவர்களிலிருந்து அணி தானாக வரும். உயிர்காப்புப் பயிற்சிக்கு இருவரை அனுப்புவதற்கும் சபையின் அனுமதியைக் கேட்கிறேன்.

தடாகம் கேட்டு எழுதிய கடிதங்களுக்கு இதுவரை பதில் இல்லை. ஒரு காரியாலயத்தில் கடிதம் கிடைக்கவே இல்லை என்றார்கள்; பதிவுத் தபால் சிட்டை என்னிடம் இருக்கிறது. மறுபடியும் எழுதும்போது ஒன்றைச் சேர்த்து எழுத வேண்டும். 2025 முதல் ஆண்களுக்கான ஆடுகளத்தின் நீளம் 30 மீட்டரிலிருந்து 25 மீட்டராகக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஓர் அணி தொடர்ந்து பந்தை வைத்திருக்கக்கூடிய நேரமும் 30 நொடியிலிருந்து 25 நொடியாகியிருக்கிறது. நமக்கு இரண்டாவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை, முதலாவது பெரிய விடயம். ஒலிம்பிக் அளவான 50 மீட்டர்த் தடாகத்தை நாம் கேட்கவில்லை. அதில் பாதி போதும், ஆழம் மட்டும் சரியாக இருக்கட்டும். ஏற்கெனவே கட்டத் திட்டமிட்டிருக்கும் தடாகங்களிலாவது ஒரு பகுதியை இரண்டு மீட்டர் ஆழமாக்கிவிடுங்கள் என்று கேட்பதில் யாருக்கும் அதிகச் செலவில்லை.

2026 செப்டெம்பரில் ஜப்பானின் ஐச்சி - நகோயாவில் ஆசிய விளையாட்டு விழா. ஆண்கள் பிரிவில் நடப்புச் சம்பியனும் ஜப்பான்தான். ஆட்டங்கள் நமக்குப் பகல் வேளையில் வரும் என்பதால் வேலை நாட்களில் எல்லாரும் பார்க்க முடியாது. ஞாயிறு ஆட்டங்களுக்கு மட்டும் திரை கட்டலாம். 2027 உலகச் சம்பியன்ஷிப் புடாபெஸ்டில். அது இரவு வேளையாகிவிடும், தேநீர்ச் செலவையும் இப்போதே யோசித்துக்கொள்ளவும்.

மண்டபம் தந்த வாசிகசாலையினர், தடாகம் தந்த ஹோட்டல் நிர்வாகத்தினர், பந்து இரவல் தந்த கண்டி நண்பர்கள், பேருந்துக் கட்டணத்தில் பாதியைப் பெயர் சொல்ல வேண்டாம் என்று சொல்லித் தந்த கடைக்காரர், ஈரத்துணியைத் துவைத்துக் காயவைக்க மழைக்காலத்தில் படாத பாடு பட்ட அம்மாமார் எல்லாருக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி. இரவல் பந்தை இம்மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்பதைக் கூட்டம் முடிந்ததும் எனக்கு அறியத் தரவும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
கொட்டகலை